சத்தம் போடாத பழுது

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்). செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்கு ஊசி ஏற்றினால் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். முடித்து வெளியே வரும்போது முகம் வெளுத்து, கால் தளர்ந்து, பேசவே தெம்பில்லாமல் இருப்பார். அந்த நிலையில் வாடகைக் காருக்காகப் பத்து நிமிடம் நிற்பது அவருக்குப் பெரும்பாடு. மழை நாளில் அந்தப் பத்து நிமிடம் அரைமணி ஆகிவிடும். சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, கூரையிட்ட நடைபாதையின் தூணைப் பிடித்தபடி நின்றவர் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடி வந்தபோது முன்பின் தெரியாத ஒரு மலாய்ப் பெண்மணி அவருடைய நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிரவே கார் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

சிங்கப்பூரில் அது எவ்வளவு பெரிய முடிவு என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே காரை வாங்குவதற்கு முன், கார் வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்க வேண்டும். 1990இல் வந்த ஏற்பாடு. மாதம் இருமுறை ஏலம் நடக்கும். அதில் கிடைக்கும் வாகன உரிமைச் சான்றிதழ், எல்லார் வாயிலும் சிஓஇ, பத்து ஆண்டுக்குச் செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவிலேயே அது 106,000 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தொட்டது. காரின் விலையும் வரிகளும் தனி. வீட்டிலிருந்தபடி சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் நான் புதுக் காரை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பழைய கார்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

மின்சாரக் கார் என்று முடிவு செய்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, நாங்கள் இருக்கும் சுவா சூ காங், வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்தகங்களில் முதலில் மின்னூட்டிகள் வைப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு நகரங்களில் ஒன்று. எங்கள் புளோக்கை ஒட்டிய நிறுத்தகத்திலேயே இருக்கின்றன. இரண்டாவது காரணம் அப்பா. சுத்திகரிப்பு முடிந்த வேளையில் இன்ஜின் அதிர்வும் பெட்ரோல் வாடையும் அவருக்குக் குமட்டலை உண்டாக்கும். மின்சார டாக்சி கிடைத்த நாள்களில் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக வருவார். அதைப் பார்த்துவிட்டேன்.

கணக்கெழுதுகிறவள் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்கினேன். இங்கே பழைய காரின் விலையை எவரும் விலையாகப் பார்ப்பதில்லை. ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். கேட்கும் விலையிலிருந்து கடைசியில் அரசாங்கத்திடம் திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்து, சிஓஇயில் மீதமிருக்கும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். மின்சாரக் காரில் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2021 முதல் மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 45 விழுக்காடு, அதிகபட்சம் 20,000 வெள்ளி வரை, தள்ளுபடி தந்தார்கள். முதல் உரிமையாளருக்கு அது லாபம். ஆனால் பத்து ஆண்டு முடியுமுன் காரைக் கழித்துக்கட்டினால் திரும்பக் கிடைக்கும் தொகையை, உண்மையில் கட்டிய கட்டணத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். குறைவாகக் கட்டிய காருக்குத் திரும்பக் கிடைப்பதும் குறைவு. கடைசியில் கையில் வருவது சொற்பம். சாலை வரியில் பெட்ரோல் வரிக்கு ஈடாக ஆண்டுக்கு 700 வெள்ளி சேர்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இங்கே உபி வட்டாரத்தில் ஒரு விற்பனையாளரிடம் பார்த்த கார் 2021இல் பதிவானது. சிஓஇயில் ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக மீதம். கேட்ட விலை 66,800 வெள்ளி. என் கணக்கில் ஆண்டுக்கு 11,000 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அந்த வாரம் நான் பார்த்தவற்றில் அதுவே குறைந்தது. இந்தக் கார் மட்டும் ஏன் மலிவு என்ற கேள்வியோடுதான் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன்.

அப்பா பஸ் டெப்போவில் 31 ஆண்டு ஃபிட்டராக இருந்தவர். பழுது பார்க்கும்போது ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கேட்பார். சிறு வயதில் அதைப் பார்த்து, அவர் இயந்திரத்தோடு ஏதோ ரகசியம் பேசுகிறார் என்று நினைத்திருக்கிறேன். இப்போது அவர் கையில் இருப்பது சுத்திகரிப்பு நிலையத்தில் கொடுத்த நீல அட்டை போட்ட நோட்டு. வந்தபோது எடை, போனபோது எடை, ரத்த அழுத்தம் என்று ஒவ்வொரு முறையும் அவரே எழுதி வைப்பார். தாதியர் கணினியில் பதிகிறார்களே என்றால், “அது அவர்களுக்கு, இது எனக்கு” என்பார்.

கார் பளபளவென்று நின்றது. திரையில் 100 விழுக்காடு, 320 கிலோமீட்டர் என்று காட்டியது. விற்பனையாளர் அந்த எண்ணைத்தான் முதலில் காட்டினார். ஒரே உரிமையாளர், விபத்து இல்லை என்றார். ஓடியிருந்தது 118,000 கிலோமீட்டர். நான்கு ஆண்டில் அவ்வளவு தூரம் என்றால், இந்தச் சிறிய தீவில், அது வேலைக்குப் போய்வந்த கார் இல்லை. வேலையே பார்த்த கார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். முன்பக்கக் கண்ணாடியில் பயணி அமரும் பக்கத்து மூலையில், வெயில் சாய்ந்து விழுந்தபோது, வட்டமாக ஒரு மங்கல் தடம் தெரிந்தது. விரலால் தடவினால் பசை சற்றே ஒட்டியது. பின்கண்ணாடியிலும் அதே அளவில் ஒன்று. 2017 முதல் தனியார் வாடகைக் கார்கள் முன்னும் பின்னும் ஒட்டியிருக்க வேண்டிய வில்லையின் தடம் அது.

“வாடகைக்கு ஓடிய காரா?” என்று கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. உரிமையாளர் ஒரே ஒருவர்தான், அது ஒரு வாடகைக் கார் நிறுவனம் என்றார். சொன்னது பொய்யில்லை. கேட்டால் மட்டும் வெளியே வரும் உண்மை என்றால் எனக்கு அன்றும் கோபம் வந்தது, இன்றும் வருகிறது.

வாடகைக்கு ஓடியது என்பதற்காகவே ஒரு காரை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஓட்டுநருக்கு நேரம்தான் காசு. இரவெல்லாம் மெதுவாக மின்னூட்ட அவருக்கு முடியாது. நாள்தோறும் வேக மின்னூட்டியில் அரைமணி நின்றுவிட்டுப் போயிருப்பார். வேக மின்னூட்டத்தில் பேட்டரி சூடாகும், சூடு அதை விரைவில் மூப்படையச் செய்யும். நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். பேட்டரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு எப்படிப்பட்டது என்பது இங்கே முக்கியம். நிசான் லீஃபின் முதல் தலைமுறையில் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் அவை வேகமாகக் கொள்ளளவு இழந்ததாக 2012 வாக்கில் உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். நாங்கள் பார்த்த காருக்குத் திரவக் குளிர்ச்சி இருந்தது. அத்தகைய பல கார்களில் அந்தத் திரவத்தைக் குளிர வைப்பதும் ஏசிதான். ஆகவே ஏசி சரியாகக் குளிரவில்லை என்றால் நமக்குப் புழுக்கம் என்பதோடு போகாது, பேட்டரிக்கும் அதே கதி.

உத்தரவாதத்திலும் ஒரு கணக்கு இருந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள். எட்டு ஆண்டு என்றால் 2029. சிஓஇ முடிவது 2031. அந்த இரண்டு ஆண்டும் நம் பொறுப்பு என்பது எந்தப் பழைய மின்சாரக் காருக்கும் இங்கே பொருந்தும். இந்தக் காரிலோ 42,000 கிலோமீட்டர்தான் பாக்கி. நான் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் ஓட்டினால் மூன்று ஆண்டுக்குள் உத்தரவாதம் தீர்ந்துவிடும். சில நிறுவனங்கள் வாடகைப் பயன்பாட்டுக்கு உத்தரவாதத்தைக் குறைத்தே தருகின்றன. அந்தத் தாளை ஒரு வரி விடாமல் படித்தேன். இந்தக் காருக்கு அப்படிக் குறைக்கவில்லை.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். நான் ஓட்ட, அப்பா பக்கத்தில், விற்பனையாளர் பின்னால்.

நிறுத்தகத்தின் சுழல்பாதையில் இறங்கும்போது, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில், ‘டக்… டக்… டக்’ என்று மெல்லிய சத்தம். பெட்ரோல் கார் என்றால் இன்ஜின் இரைச்சலில் அமுங்கிப் போயிருக்கும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இடது கையை மட்டும் கதவின் மேல் வைத்துக்கொண்டார். தீவு விரைவுச்சாலையில் ஏறி எழுபதைத் தாண்டியதும் வேறொரு சத்தம் வந்தது. வண்டு ஒன்று டப்பாவுக்குள் அகப்பட்டதுபோல ரீங்காரம், வேகம் கூடக் கூடத் தடித்தது. டயர் சத்தம் என்றார் விற்பனையாளர்.

“சாலை மாறினால் டயர் சத்தம் மாறும். இது மாறவில்லையே,” என்றார் அப்பா. பிறகு என்னிடம், “காலை எடு,” என்றார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கார் தானாக வேகம் குறைந்து மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கியது. சத்தம் அப்படியே இருந்தது. “கியர்ப் பெட்டி இல்லை. அது என்றால் பாரம் மாறும்போது குரல் மாறும். இப்போது பின்னால் யாரும் இல்லையே? லேசாக வலப்பக்கம் வளை.” வளைத்தேன். ரீங்காரம் சட்டென்று பெருத்தது. “இடப்பக்கம்.” அடங்கியது.

“முன்பக்கம், இடது சக்கரத்துப் பேரிங். என் காலுக்குக் கீழேதான் இருக்கிறது,” என்றார். வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடது சக்கரத்தின் மேல் ஏறும், தேய்ந்த பேரிங் அப்போது கத்தும் என்று பின்னர் விளக்கினார். ‘டக் டக்’ சத்தம், மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் வெளிமூட்டிலிருந்து வருவது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையைக் கொடுத்துவிடும். நான்கு ஆண்டு, நாளுக்குப் பல நூறு முறை, விளக்கு பச்சையானதும் அந்த இழுவையைத் தாங்கிய மூட்டு அது.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தத் தெளிவைப் பார்த்தேன். எனக்கு அந்த இடத்திலேயே காரை வாங்கிவிடலாம் என்று தோன்றியது. பழுது இரண்டும் தெரிந்துவிட்டது, பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து ஆயிரத்தைந்நூறு வெள்ளிக்குள் முடியும், அதை விலையில் குறைத்துவிட்டால் போதும் என்று மனம் கணக்குப் போட்டது. இப்படித்தான் பலர் வாங்குகிறார்கள் என்று இப்போது தெரிகிறது. காதில் விழுந்த பழுதைப் பேசி விலை குறைத்ததும், பழுதெல்லாம் அவ்வளவுதான் என்று ஆகிவிடுகிறது.

அப்பாதான் தடுத்தார். “இது சக்கரம், அச்சு. எனக்குத் தெரிந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் பார்க்கட்டும்.”

காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய பணிமனை. அங்கே வேலை பார்க்கும் தம்பி திருச்சிப் பக்கம் பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்து, மின்வாகனங்களுக்கான பயிற்சியும் முடித்தவர். விற்பனையாளர் காரைக் கொண்டுவரத் தயங்கினார். கண்டிப்பாக வாங்கினால்தான் சோதனைக்கு விடுவோம் என்றார். சோதித்தால்தான் கண்டிப்பாக வாங்குவதைப் பற்றிப் பேசுவேன் என்றேன். நிறைய மின்னூட்டாமல் 70 விழுக்காட்டில் கொண்டுவரச் சொன்னேன். அது தம்பி சொல்லிக்கொடுத்தது. பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பச் சேர்க்க இடமிருக்காது. மின்சாரம் சேர்த்து வேகம் குறைக்கும் ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்பதை அப்போது பார்க்க முடியாது.

காரைத் தூக்கியதும் அப்பாவும் அடியில் போய் நின்றுகொண்டார். தம்பி டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பேட்டரிப் பெட்டி காரின் வயிறு முழுவதும் பரந்து கிடந்தது. அதன் அலுமினிய விளிம்பில் நடைபாதைக் கல் உரசிய கீறல் ஒன்று, ஒரு சாண் நீளம். நகத்தால் தடவிப் பார்த்தார். “மேல் கீறல்தான் அக்கா, உள்ளே ஒடுங்கவில்லை. ஒடுங்கியிருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.” தடித்த ஆரஞ்சு நிறக் கம்பிகளை நோக்கி அப்பா கையை நீட்டியபோது, “ஐயா, அதை மட்டும் தொடாதீர்கள்,” என்று பதறினார். உயரழுத்த மின்சாரம் போகும் கம்பிகளுக்கு அந்த நிறம். காப்புறை அணியாமல் அவரும் தொடுவதில்லை.

குளிர்திரவக் குழாய்களின் இணைப்பில் காய்ந்த உப்புப்போல ஏதாவது படிந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிரேக் டிஸ்க்கின் உட்புறம் துரு ஏறிக் கோடு கோடாக இருந்தது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு. வேலை இல்லாத இரும்பு நம் மழைக்கும் ஈரத்துக்கும் துருப்பிடிக்கத்தான் செய்யும். முன் டயர்களின் உள்விளிம்பு மழுங்கியிருந்தது. வெளியிலிருந்து குனிந்து பார்த்தாலும் தெரியாத இடம். சக்கரத்தைக் கையால் சுழற்றியபோது பேரிங் கரகரத்தது. அப்பா சரியாகச் சொல்லியிருந்தார். தம்பி அவரைத் திரும்பிப் பார்த்து, “ஐயா எந்தப் பணிமனையில் இருந்தீர்கள்?” என்று கேட்டார்.

12 வோல்ட் பேட்டரியையும் சோதித்தார். காருக்கு அடியில் நானூறு வோல்ட் பக்கம் இருந்தாலும், அந்தச் சிறிய பேட்டரி உயிரோடு இருந்தால்தான் கார் விழிக்கும், கதவு திறக்கும், பெரிய பேட்டரியும் காரோடு இணையும். அது செத்தால் நிறைந்த பேட்டரியோடு கார் கல்லாய் நிற்கும். விடியற்காலை ஆறரைக்கு எனக்கு அப்படி ஆகக் கூடாது. அது நன்றாக இருந்தது.

பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சோதனைத் துளையில் கட்டைவிரல் அளவு கருவி ஒன்றைச் செருகி, கைப்பேசியைத் திறந்தார். பேட்டரியின் ஆரோக்கியம் 88 விழுக்காடு என்று வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் மட்டும் நிம்மதி அடையவில்லை. “அது மொத்தத்துக்கும் சராசரி, அக்கா. வகுப்பில் எல்லாரும் பாஸா என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொருவர் மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும்.”

அந்தக் காரின் பேட்டரியில் 96 செல் தொகுதிகள் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருந்தன. திரையில் 96 சிறு தூண்கள். நிற்கும்போது எல்லாம் ஒரே உயரம், 3.85 வோல்ட். வெளியே கொண்டுபோய், வெறிச்சோடிய ஒரு பக்கச் சாலையில் தம்பி ஆக்சிலரேட்டரை ஒரே மூச்சில் அழுத்தினார். கைப்பேசி என் மடியில். தூண்கள் எல்லாம் ஒன்றாகக் குனிந்தன, ஒவ்வொன்றும் 0.14 வோல்ட் அளவுக்கு. நடுவில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு கீழே போய், சிவப்பாக மாறியது. 41ஆம் எண். காலை எடுத்ததும் மற்றவற்றோடு வந்து சேர்ந்துகொண்டது, ஒன்றுமே நடக்காததுபோல. திரும்ப அழுத்தினார். திரும்ப அதேதான்.

நான் கவனித்தது ஒன்றுதான்: காரில் எந்த மாற்றமும் இல்லை. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, எச்சரிக்கை விளக்கு இல்லை. பின்னிருக்கையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

தொடராக இணைத்தவற்றில் ஒன்று சோர்ந்தால், மற்ற 95இல் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. சோர்ந்த செல் முதலில் அடிமட்டத்தைத் தொடும், அது தொட்டதும் பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுக் கருவி மொத்த இழுவையையும் குறைத்துவிடும். திரையில் 22 விழுக்காடு இருக்கும், ஒரு மேம்பாலம் ஏறியதும் 9 ஆகும், கார் ஊரத் தொடங்கும். இன்றைக்கில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, அநேகமாக உத்தரவாதக் கிலோமீட்டர் தீர்ந்த பிறகு. முழுப் பேட்டரியையும் மாற்ற வேண்டி வந்தால் ஐந்திலக்கத் தொகை. பேரிங்கும் ஷாஃப்டும் அதற்கு முன்னால் சில்லறை.

அரசாங்கச் சோதனையில் தேறியிருக்கிறதே என்று கேட்பீர்கள். மூன்று ஆண்டு நிறைந்த கார்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதுவும் போய்த் தேறியிருந்தது. அந்தச் சோதனை பார்ப்பது கார் சாலையில் பாதுகாப்பாக ஓடத் தகுதியானதா என்பதை. ஒரு செல் இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்று சொல்வது அதன் வேலை இல்லை. விற்கும்போது பேட்டரிச் சோதனை அறிக்கையையும், ஒவ்வொரு செல்லின் அளவோடு, இணைத்தே தீர வேண்டும் என்று சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2030க்குள் 60,000 மின்னூட்டு முனைகள் வைப்பதாகத் திட்டம் இருக்கிறது. நல்லது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும். அதுவும் நல்லது. அந்தக் கார்கள் எல்லாம் ஒரு நாள் பழைய கார் ஆகும். அவற்றை வாங்கப் போகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள். எங்களில் எல்லாருக்கும் டெப்போவில் இருந்த அப்பாவும் காக்கி புக்கிட்டில் தெரிந்த தம்பியும் இருக்க மாட்டார்கள்.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ‘லெமன் சட்டம்’ என்று எல்லாரும் சொல்வது, பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த பகுதி. பழைய கார்களும் அதில் அடங்கும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை, வழக்கறிஞர் இல்லாமல், சிறு கோரல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. ஆனால் விற்பவர் வியாபாரியாக இருக்க வேண்டும். அதற்கு முன் நாங்கள் பார்த்த வேறொரு காரில், கடை விளம்பரம் செய்திருந்தாலும், ஒப்பந்தத்தில் விற்பவர் என்ற இடத்தில் ஒரு தனிநபர் பெயர் இருந்தது. கடை வெறும் தரகர். அப்படி வாங்கினால் அந்தச் சட்டம் நமக்குத் துணைக்கு வராது. முன்பணம் கொடுக்குமுன் அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

தெரிந்த குறையை வாங்கிவிட்டுப் பிறகு சட்டத்தைத் தேடிப் போவதிலும் பொருளில்லை. நான் விற்பனையாளரிடம் 41ஆம் செல்லின் படத்தைக் காட்டினேன். காரைத் தயாரிப்பு நிறுவனத்தின் முகவரிடம் கொண்டுபோய், அந்தச் செல் இருக்கும் மாட்யூலை, அதாவது செல்களின் கட்டை, உத்தரவாதத்தில் மாற்றி, தாள் வாங்கி வையுங்கள், பேரிங்கையும் ஷாஃப்டையும் சரிசெய்யுங்கள், அப்புறம் வருகிறேன் என்றேன். இன்னொருவர் வாங்கத் தயாராக இருக்கிறார் என்றார். அவரிடமும் இந்தப் படத்தைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, அதை அவருடைய கைப்பேசிக்கே அனுப்பி வைத்தேன். திரும்பி வரும் வழியில் அப்பா எதுவும் பேசவில்லை. அந்த இருக்கை அவருக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு எட்டுச் சுத்திகரிப்புகள். எட்டு முறையும் வாடகைக் கார்.

மூன்றாம் வாரக் கடைசியில் விற்பனையாளரே அழைத்தார். நான்காம் மாட்யூலை மாற்றியிருந்தார்கள். முகவரின் தாள் இருந்தது. சக்கர வேலையும் முடிந்திருந்தது. டயருக்காக விலையில் 800 வெள்ளி குறைத்தார். நான் அதற்கு மேல் பேரம் பேசவில்லை. தம்பி மீண்டும் கருவியைச் செருகி, மீண்டும் அந்தப் பக்கச் சாலையில் அழுத்தினார். 96 தூண்களும் ஒன்றாகக் குனிந்து ஒன்றாக நிமிர்ந்தன. அன்று மாலை கையெழுத்திட்டேன்.

கார் வந்த முதல் வாரத்தில் நானே ஒரு சோதனை செய்தேன். எவரும் செய்யலாம். 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை நிறுத்தகத்தின் மெதுவான மின்னூட்டியில் ஏற்றி, எத்தனை யூனிட் போனது என்று ரசீதில் பார்க்க வேண்டும். எங்கள் காரின் பேட்டரி புதிதில் 50 யூனிட். 60 விழுக்காடு என்றால் 30, வழியில் வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு போல சேர்த்தால் 33 பக்கம் போக வேண்டும். 28தான் போகிறது என்றால் பேட்டரி சுமார் 15 விழுக்காடு சுருங்கிவிட்டது என்று பொருள். எங்களுக்கு 29.5 வந்தது. கருவி சொன்ன 88 விழுக்காட்டோடு ஒத்துப்போனது. திரையில் தெரியும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினாரோ அதை வைத்துக் கார் சொல்லும் ஊகம் அது.

இப்போது சுத்திகரிப்பு முடிந்ததும் அப்பா வாசலிலேயே ஏறிக்கொள்கிறார். இருக்கையைச் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடுவார். சில நாள் வீடு வரும்வரை தூங்குவார். சில நாள் தூங்குவதுபோல இருந்து, “முன் வலது டயரில் காற்று குறைவு,” என்பார்.

தம்பி அந்தச் சிறிய கருவி ஒன்றை எங்களுக்கே வாங்கிக் கொடுத்து, அப்பாவின் கைப்பேசியில் பார்க்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். போன சனிக்கிழமை மருந்துச் சீட்டைத் தேடியபோது அவருடைய நீல அட்டை நோட்டைத் திறந்தேன். அன்றைய தேதியில் வந்தபோது 61.4, போனபோது 59.2, ரத்த அழுத்தம் 138க்கு 76 என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, அதே மையில், அதே கையெழுத்தில் இன்னொரு வரி.

41 – 3.87.